ஐம்பத்தொரு தட்டு பினாயில்

அந்த விசிறியைச் சும்மா மடியில வச்சிருக்காதீங்க அக்கா, விசிறுங்க. வெக்கைக்குத்தான் குடுத்தேன். அப்படியில்ல, திருப்பிப் பிடிங்க. எழுத்து இருக்கிற பக்கம் வெளியே தெரியணும். ஆங், அப்படி. பாத்தீங்களா, முன்சீட்டுக்காரர் திரும்பிப் படிச்சிட்டாரு. அவ்வளவுதான், ஒரு ஆள் மனசுல ஏறிருச்சு.

‘மகிழினி பினாயில். வீடு மணக்கும், ஈ பறக்கும்.’ நான் எழுதினதுதான். மகிழினி யாருன்னு கேக்குறீங்களா? இந்தா, என் மடியில வாயைத் திறந்துக்கிட்டுத் தூங்குறாளே, இவதான். வர்ற ஆவணி வந்தா ரெண்டு வயசு முடியுது. நான் பாண்டீஸ்வரி. ஊரு கல்லுப்பொட்டல், இப்ப ஏறினேனே, அதுதான். பினாயில் நானே வீட்டுல காய்ச்சுறேன். காய்ச்சுறதுன்னா அடுப்புல இல்ல, டிரம்முல மருந்தை ஊத்தித் தண்ணியை விட்டுக் கம்பால கலக்குனா பால் மாதிரி வெள்ளையா திரண்டு வரும். பாக்க அவ்வளவு அழகா இருக்கும்.

வடுகபுரம் வரைக்கும் போறீங்களா? நல்லதாப் போச்சு, நானும் அங்கதான். இன்னும் முக்கால் மணி நேரம் இருக்கு.

நான் தட்டு வாங்கப் போறேன். என்ன தட்டா? எவர்சில்வர் தட்டு அக்கா. ஐம்பத்தொரு தட்டு. என் நாத்தனா வீட்டுல மாட்டிக்கிட்டு ஒன்றரை மாசமாச்சு. ஒரு தட்டு கூட என்னோடது இல்ல. எல்லாம் எங்க ஊர்ப் பொம்பளைங்களோடது. ஒவ்வொண்ணுலயும் பேர் வெட்டியிருக்கு. காலையில வாசல் தெளிக்க முடியல. ‘பாண்டீஸ்வரி, என் தட்டு என்னாச்சு? அது எங்க அம்மா வீட்டுல குடுத்தது.’ குழாயடிக்குப் போனா அங்க ஒருத்தி. ‘எந்தட்டு அடியில சின்னதா ஒரு ஒடுக்கு இருக்கும், அதை வச்சுக் கண்டுபிடிச்சிரலாம்.’ நான் என்ன, தட்டை முழுங்கிட்டா இருக்கேன்?

எல்லாத்துக்கும் காரணம் அந்த மேளக்காரர்தான். சோலைன்னு பேரு. அந்த மனுசன் இடதுபக்கம் திரும்பாம நேராப் போயிருந்தா இன்னைக்கு என் பினாயில் இந்த ஜில்லா பூரா போயிருக்கும்.

சொல்றேன். மொதல்லயிருந்து சொன்னாத்தான் உங்களுக்கு விளங்கும்.

வடுகபுரம் பஜார்ல தங்கையா ஸ்டோர்னு ஒரு பலசரக்குக் கடை இருக்கு. சுத்துப்பட்டி சில்லறைக் கடைக்காரங்க எல்லாம் அங்கதான் சரக்கு எடுப்பாங்க. அங்க என் பாட்டில் ஏறிருச்சுன்னா போதும், அப்புறம் நான் ஊர் ஊரா சுமக்க வேண்டியதில்ல. போய்க் கேட்டேன். தங்கையா அண்ணாச்சி பாட்டிலைத் திருப்பித் திருப்பிப் பாத்துட்டு, “சரக்கு நல்லாத்தாம்மா இருக்கு. ஆனா யாரும் கேக்க மாட்டாங்களே. நாலு பேர் வந்து பேர் சொல்லிக் கேக்கட்டும், அன்னைக்கு வச்சுக்கிறேன்”னு சொல்லிட்டாரு. கடையில வச்சாத்தான கேப்பாங்க, கேட்டாத்தான் வைப்பேன்னா நான் எங்க போக?

அந்த நேரத்துல எங்க மகளிர் குழுவுக்கு ஒன்றிய ஆபீஸ்ல மூணு நாள் வகுப்பு வச்சாங்க. பொருளை எப்படி விக்கிறதுன்னு சொல்லித்தர ஒரு சார் வந்தாரு. கொரில்லா மார்க்கெட்டிங்னாரு. குரங்கு இல்லையாம், மறைஞ்சிருந்து அடிக்கிறதாம். டிவியில விளம்பரம் குடுக்கிறவன் குடுக்கட்டும், உங்ககிட்ட இல்லாததை நெனச்சு அழாதீங்க. ஜனங்க எதிர்பாக்காத எடத்துல, எதிர்பாக்காத மாதிரி போய் நில்லுங்க, அப்புறம் அவங்களே உங்க பேரைச் சொல்லிக்கிட்டுத் திரிவாங்கன்னாரு. மத்தவங்க எல்லாம் டீ எப்ப வரும்னு பாத்துக்கிட்டு இருந்தாங்க. நான் ஒரு வார்த்தை விடாம எழுதிக்கிட்டேன். பத்தாவதுல கூட நான் அப்படி எழுதினதில்ல.

மொதல்ல பள்ளிக்கூடப் பிள்ளைங்களுக்கு நோட்டுல ஒட்டுற லேபிள் அடிச்சுக் குடுத்தேன். பெயர், வகுப்பு, பாடம், அதுக்குக் கீழ மகிழினி பினாயில். பெரிய வாத்தியார் அத்தனையும் கிழிச்சு என்கிட்டயே குடுத்துவிட்டாரு. ‘இவன் பாடம் கணக்கா, கக்கூசா’ன்னு பிள்ளைங்க கேலி பண்ணுதாம். பிள்ளைங்கன்னா கேலி பண்ணத்தான செய்யும்?

அப்புறம் கோலம். தகரத்துல ஓட்டை போட்டு எழுத்து வெட்டி வாங்கினேன். தரையில வச்சு மாவைத் தூவுனா ‘மகிழினி பினாயில்’னு விழும், சுத்தி நாலு பூ. விடியக்காலம் மொத பஸ்ஸைப் பிடிச்சுப் போய், நானும் எங்க குழு லூர்துமேரி அக்காவும் வடுகபுரத்துல ஒரு தெரு முழுக்கப் போட்டோம். முப்பது வாசல். நல்லதுதான செஞ்சோம்? காலையில எந்திரிச்சதும் குனிஞ்சு கோலம் போடுற வேலை மிச்சம். ஆனா அவங்க என்ன பண்ணினாங்க தெரியுமா? யாரோ வந்து வாசல்ல எழுதி வச்சிட்டுப் போயிட்டா, இது செய்வினைன்னு தெருவே கூடிருச்சு. ஒரு அம்மா மண்ணை வாரித் தூத்துது. அப்புறம் எல்லாரும் வாசலை ஊத்திக் கழுவினாங்க அக்கா. பினாயில் ஊத்தி. அதுவும் வேற கம்பெனி பினாயில்!

நாங்க முக்குல நின்னு பாத்துக்கிட்டுத்தான் இருந்தோம். லூர்துமேரி அக்கா, “வாடி, நம்மளைக் கழுவுறதுக்குள்ள போயிருவோம்”னு கையைப் பிடிச்சு இழுத்துக்கிட்டு வந்துட்டாங்க.

அதுக்கப்புறந்தான் சீர் யோசனை வந்துச்சு.

உங்க பக்கம் எப்படியோ தெரியல. எங்க பக்கம் ஒரு பொம்பளைப் பிள்ளை வயசுக்கு வந்துட்டா தாய்மாமன் சீர் கொண்டு போகணும். மேளம் முன்னால போகும், பின்னால பொம்பளைங்க பட்டுக் கட்டித் தட்டு ஏந்திக்கிட்டு வரிசையா போவாங்க. சீர் தெருவுல போச்சுன்னா அடுப்புல பால் வச்சவ கூட அணைச்சிட்டு ஓடிவருவா. எத்தனை தட்டு, எந்த வீட்டுக்கு, யாரு கொண்டு போறா, இதெல்லாம் தெரியாம உள்ள போக மாட்டா. சார் சொன்னாரே, எதிர்பாக்காத மாதிரின்னு. சீர் மாதிரியே போவோம். தட்டு மேல ஜிகினாத்தாள் சுத்தியிருக்கும், உள்ள என்னன்னு தெரியாது. யாரு கேட்டாலும் வாயைத் திறக்கக் கூடாது. ஊரே பின்னால வரும். தங்கையா ஸ்டோர் வாசல்ல போய் நின்னு, ஒரே நேரத்துல எல்லாத் தட்டையும் திறந்து, ‘மகிழினி பினாயில்!’னு ஒரு சத்தம். எப்படி?

எங்க வீட்டுக்காரர்கிட்ட சொன்னேன். லோடு ஆட்டோ ஓட்டுறாரு. கேட்டுட்டு ஆட்டோ சாவியைக் கீழ வச்சாரு. அப்புறம், “வடுகபுரத்துலயா? அக்கா காதுக்குப் போனா அது மனசு என்ன பாடுபடும்?”னாரு. அவருக்கு எதுக்கெடுத்தாலும் முகம் சுண்டிரும்.

அக்கான்னா என் நாத்தனா. தமயந்தி. நான் மதினின்னு கூப்பிடுவேன். வடுகபுரத்துலதான் வாக்கப்பட்டிருக்காங்க, பஜாருக்குப் பின்னாடி மூணாவது தெரு. அவங்களுக்கும் எங்களுக்கும் அப்பப் பேச்சு வார்த்தை இல்ல. நான் மொத மொதல்ல லேபிள் அடிச்சுப் பாட்டிலைக் கொண்டு போய் ஆசையாக் காட்டுனேன். வாங்கிப் பாத்துட்டு என்ன சொன்னாங்கங்கிறீங்க? “ஏன் பாண்டீஸ்வரி, என் தம்பி மக பேரை கக்கூஸ் கழுவுற பாட்டில்ல ஒட்டிருக்க? பிள்ளை வளந்து கேட்டா என்ன சொல்லுவ?” அவங்க மாமியார் முன்னால கேட்டாங்க அக்கா. ஊர்ல நகைக்கடைக்கு, பேக்கரிக்கு எல்லாம் மக பேர் வைக்கலையா? நான் செய்யிறது பினாயிலு. நான் பினாயிலுக்குத்தான வைக்க முடியும்? பாட்டிலைப் பைக்குள்ள போட்டுக்கிட்டு வந்துட்டேன். அதுலயிருந்து போறதில்ல.

அப்புறம் ஒரு நாலு மாசம் கழிச்சு அவங்க மக சஞ்சனா வயசுக்கு வந்துருச்சு. போன்ல சொல்றாங்க! தாய்மாமன் வீட்டுக்குப் போன்ல சொன்னா போதுமா? வீட்டுக்கு ஆளனுப்ப வேணாமா? எங்க வீட்டுக்காரர் சட்டையை மாட்டிட்டுக் கெளம்பிட்டாரு. நான்தான், “மரியாதை இல்லாத எடத்துக்குப் போவீங்களா”ன்னு உக்கார வச்சேன். அவரும் உக்காந்துட்டாரு. அவங்க பக்கத்து வீட்டுக்காரங்களை வச்சுத் தலைக்குத் தண்ணி ஊத்திட்டு, விசேஷம் எதுவும் வைக்காம விட்டுட்டாங்க. அந்தப் பிள்ளை, சஞ்சனா, அவங்க அம்மா போன்லயிருந்து ரெண்டு மூணு தடவை எனக்கு அடிச்சுச்சு. நான் அந்நேரம் கையெல்லாம் மருந்தா இருந்தேன், எடுக்கல. மருந்துக் கையோட போனைத் தொட முடியுமா, சொல்லுங்க?

அதனால இவர் அப்படிச் சொன்னதும், “அது வேற, இது வேற. அது சொந்தம், இது வியாபாரம். ரெண்டையும் போட்டுக் குழப்பாதீங்க”ன்னு சொல்லிட்டேன். சரிதான?

எங்க ஊர் மூணு குழுப் பொம்பளைங்களும் சம்மதிச்சாங்க. பட்டுச்சேலை கட்டிக்கிட்டு வெளியே போக ஒரு சாக்குக் கிடைச்சா யாரு வேணாம்பா? ஆளுக்கொரு தட்டு அவங்கவங்களே கொண்டாந்தாங்க. முன்னால போற மூணு தட்டுல மட்டும் நெசமான சீர், பாக்குறவங்க நம்பணுமில்ல. ஒண்ணுல தேங்காய் பழம், ஒண்ணுல மஞ்சள் குங்குமம் பூ, ஒண்ணுல லட்டு. மிச்சம் நாப்பத்தெட்டுலயும் தட்டுக்கு ரெண்டு பாட்டில் பினாயில், பாத்திரம் தேய்க்கிற நாரு. நடுநடுவுல சில தட்டுல சின்ன விளக்கமாறு. அழகுக்குத்தான்.

எங்க வீட்டுக்காரரை முன்னாடியே கடை வாசலுக்கு அனுப்பிட்டேன். ஆளுயரத்துக்குத் தெர்மாகோல்ல ஒரு பினாயில் பாட்டில் செஞ்சு வச்சிருந்தேன், அதுக்குப் போட ஒரு ரோஜா மாலை, அப்புறம் ஒரு பெரிய ஃப்ளெக்ஸ், சுருட்டி. எல்லாத்தையும் ஆட்டோவுல ஏத்திக்கிட்டுப் போய் அங்க தயாரா நின்னாரு. தங்கையா அண்ணாச்சிக்கும் கூட்டம் வரும்னதும் ஒரு ஆசை வந்துருச்சு. அவங்க வீட்டம்மா ஆரத்தித் தட்டோட நிப்பாங்கன்னாரு. நான் மேளக்காரர் சோலைகிட்டத் தெளிவாச் சொல்லிவிட்டேன். “அண்ணே, ஒண்ணுமே யோசிக்காதீங்க. பஜார் வழியா போய்க்கிட்டே இருங்க. ஆரத்தியோட எங்க நிக்கிறாங்களோ, அங்க போய் நிறுத்துங்க.” இதை விடத் தெளிவா ஒரு மனுசனுக்கு எப்படிச் சொல்றது?

நல்ல முகூர்த்த நாள் அது. பஸ் ஸ்டாண்டு பிள்ளையார் கோயில்ல கெளம்பினோம். அடடா, அக்கா! நீங்க பாத்திருக்கணும். வெயில்ல ஜிகினாத்தாள் மின்னுது. ஐம்பத்தொரு பேரு. எண்ணுறாங்க எல்லாரும், விரல் விட்டு எண்ணுறாங்க. டீக்கடையில கிளாசோட எந்திரிச்சு நிக்கிறாங்க. டவுன்பஸ்ஸே ஒதுங்கி நின்னுச்சு. “எந்த வீட்டுச் சீரும்மா? எந்த வீட்டுக்கும்மா போகுது?” லூர்துமேரி அக்காதான் மொத தட்டு. கேக்கக் கேக்க அது பாட்டுக்குச் சிரிச்சுக்கிட்டே போகுது. ஒருத்தியும் வாயைத் திறக்கல. எங்க ஊர்ப் பொம்பளைங்க அரை மணி நேரம் வாயைத் திறக்காம இருந்தது அன்னைக்குத்தான்.

நான் கடைசியில வர்றேன், இவளை இடுப்புல தூக்கிக்கிட்டு. வரிசை கலையாம பாக்க ஒரு ஆளு வேணுமில்ல. அங்கதான் பூக்கடை அம்மா என்னைப் பாத்துருச்சு. “ஏ, இது மூணாவது தெரு தமயந்தி தம்பி பொண்டாட்டியில்ல? அப்ப இது சஞ்சனாவுக்குச் சீரா! வந்துட்டாங்கய்யா, ஒருவழியா வந்துட்டாங்க!”ன்னு சொல்லிக்கிட்டே செல்போனை எடுத்துருச்சு. நான் இல்லைங்கலாமா? யாரு கேட்டாலும் பேசக்கூடாதுன்னு சட்டம் போட்டதே நான்தான். சும்மா சிரிச்சு வச்சேன்.

தங்கையா ஸ்டோருக்கு அம்பதடி முன்னால இடதுபக்கம் மூணாவது தெரு பிரியுது. மேளம் அங்க போகவும் சத்தம் ஒரு மாதிரி மாறுச்சு. எட்டிப் பாக்குறேன், முன்னால போறவங்க இடதுபக்கம் திரும்புறாங்க! தெரு முனையில எங்க மதினி ஆரத்தித் தட்டோட நிக்கிறாங்க. சோலைக்கு அது போதும், திருப்பிட்டாரு. ‘அண்ணே, நேரா! நேராப் போங்கண்ணே!’ன்னு கத்துறேன். மேளச் சத்தத்துல யாருக்குக் கேக்கும்? இவ வேற இடுப்புல கெடந்து கை தட்டுறா. நான் ஓடிப் போய்ச் சேர்றதுக்குள்ள பாதி வரிசை தெருவுக்குள்ள போயிருச்சு. அப்புறம் சோலைகிட்டக் கேட்டா, “ஆரத்தி நிக்கிற எடத்துல நிறுத்துன்னு நீதானம்மா சொன்ன”ங்கிறாரு. என்ன பேச்சு பாருங்க.

வாசல் அப்பத்தான் கழுவி ஈரமா இருந்துச்சு. அவசரமா ஒரு கோலம், பாதி கூடப் போட்டு முடிக்கல. மதினி தலைமுடி சொட்டச் சொட்ட நிக்கிறாங்க. பாதி குளியல்ல எந்திரிச்சு வந்திருப்பாங்க போல. என்னைப் பாத்து, “வந்துட்டியா பாண்டீஸ்வரி”ன்னாங்க. அவ்வளவுதான். கற்பூரத் தட்டை எனக்கும் இவளுக்கும் சேத்துச் சுத்திட்டாங்க.

எங்க பொம்பளைங்க என் சட்டப்படி வாயைத் திறக்காம எல்லாத் தட்டையும் உள்ள கொண்டு போய் வரிசையா வச்சிட்டாங்க. தெருவே உள்ள வந்து நிக்குது. மதினியோட மாமியார் உக்காந்து ஒவ்வொண்ணா தாளைப் பிரிக்கிறாங்க. தேங்காய் பழம். மஞ்சள் குங்குமம். லட்டு. நாலாவது தட்டு.

மேளம் நின்னு போச்சு அக்கா.

அந்த மாமியார் பாட்டிலைத் தூக்கி வெளிச்சத்துல பிடிச்சுப் பாத்துட்டு, “ஏண்டி தமயந்தி, உன் பொறந்த வீட்டுல உன்னை என்னன்னு நெனச்சிருக்காங்க? ஆயுசுக்கும் கழுவிக்கிட்டே கிடன்னா?”ன்னு கேட்டாங்க. பின்னால நின்ன ஒருத்தி, “நல்லாப் பாருங்க பெரியம்மா, அடுத்த தட்டுல விளக்கமாறு இருக்கும்”னா.

இருந்துச்சு அக்கா. ஒம்பதாவது தட்டுல இருந்துச்சு.

நான் வாயைத் திறந்துட்டேன். ‘மதினி, இது உங்களுக்கு இல்ல, தங்கையா ஸ்டோருக்கு. மேளக்காரர் வழி தப்பிட்டாரு’. இவ்வளவுதான் சொல்லணும். சொல்லிட்டுத் தட்டைத் தூக்கிக்கிட்டு அம்பதடி போனா என் வேலை முடிஞ்சுது. ஊரே கூடியிருக்கு, இதை விட நல்ல நேரம் கிடைக்குமா?

அந்தப் பிள்ளை கதவோரம் நின்னுச்சு. சஞ்சனா. அவசரத்துல போன தீபாவளிப் பட்டுப் பாவாடையை எடுத்து உடுத்திவிட்டிருக்காங்க. பிள்ளை வளந்துருச்சு. பாவாடை கணுக்காலுக்கு மேல ஏறி நிக்குது, நாலு விரக்கடை இருக்கும். அது ஒரு கையால பாவாடையைக் கீழ இழுத்து இழுத்து விட்டுக்கிட்டு, தட்டை எண்ணிக்கிட்டு இருக்கு. வாய் அசையுது. எண்ணி முடிச்சிட்டு என்னைப் பாத்து, “ஐம்பத்தொண்ணு அத்தை”ன்னுச்சு.

நான், “எல்லாம் உங்களுக்குத்தான் மதினி”ன்னு சொல்லிட்டேன்.

ஏன் சொன்னேன்னு கேக்காதீங்க. வெயில்ல நடந்து வந்தது, கிறுகிறுன்னு இருந்துச்சு. இவ வேற கனமா இருந்தா.

மதினி எந்திரிச்சு வந்து அந்தப் பாட்டிலை மாமியார் கையிலயிருந்து வாங்கினாங்க. மூடியைத் திறந்து மோந்து பாத்தாங்க. அப்புறம் கூட்டத்தைப் பாத்துச் சொல்றாங்க: “கடையில வாங்கி அடுக்க யாராலயும் முடியும். இது என் தம்பி பொண்டாட்டி தன் கையால செஞ்சது. பிள்ளை பேரை வச்சுக் கொண்டாந்திருக்கா.” எனக்கு எப்படி இருந்திருக்கும்? கக்கூஸ் பாட்டில்னு சொன்னது யாரு? இவங்கதான? கேக்கணும்னு நாக்கு நுனி வரைக்கும் வந்துச்சு. கூட்டமா இருந்துச்சு, விட்டுட்டேன்.

அந்நேரம் பாத்து எங்க வீட்டுக்காரர் ஓடி வர்றாரு. கடை வாசல்ல நின்னவருக்கு மேளச் சத்தம் கிட்டத்துல வந்து அப்படியே தேஞ்சு போயிருக்கு. ஒரு கையில மாலை, கக்கத்துல ஃப்ளெக்ஸ். வாசல்ல வந்து நின்னாரு, அக்காவைப் பாத்தாரு, பிள்ளையைப் பாத்தாரு. என்னைப் பாக்கவே இல்ல. நேராப் போய் அந்த மாலையைச் சஞ்சனா கழுத்துல போட்டுட்டாரு. தெர்மாகோல் பாட்டிலுக்கு அளவெடுத்துக் கட்டின மாலை அக்கா அது! பிள்ளைக்கு முழங்கால் வரைக்கும் தொங்குது. அக்காவும் தம்பியும் ஒருத்தர் தோளை ஒருத்தர் பிடிச்சுக்கிட்டு ஒரே அழுகை. வியாபாரத்துக்கு வந்த எடத்துல அழுதா எப்படி?

அதோட விடல. ஐம்பத்தொரு பேரையும் சாப்பிடாம அனுப்ப முடியாதுன்னு சோத்தை வடிச்சுட்டாங்க. உக்காரப் பாய் பத்தல. யாரோ அந்த ஃப்ளெக்ஸை எடுத்துத் தெருவுல விரிச்சிட்டாங்க. இவ்வளவு பெரிய எழுத்துல ‘மகிழினி பினாயில்’. பந்தி பந்தியா அது மேல உக்காந்து சாம்பார் சாதம் சாப்பிட்டாங்க. என் பிள்ளை பேரை ஒருத்தரும் படிக்கல, அது மேல உக்காந்தாங்க. ரசத்துக் கறை வேற.

அங்க தங்கையா ஸ்டோர்ல அண்ணாச்சி வீட்டம்மா ஆரத்தித் தட்டோட ஒரு மணி நேரம் நின்னு, கற்பூரம் எரிஞ்சு முடிஞ்சு, கால் வலிச்சு உள்ள போயிட்டாங்களாம். நான் போய் மன்னிப்புக் கேட்டா, “உன் பினாயிலை இனிமே இந்த வாசப்படியில பாக்கக் கூடாது”ன்னாரு அண்ணாச்சி. தெர்மாகோல் பாட்டில் மட்டும் அங்க தனியா நின்னுக்கிட்டு இருந்துச்சு. பாக்கப் பாவமா இருந்துச்சு அக்கா.

சரி, போனது போகட்டும், பாட்டிலையாவது திருப்பி வாங்கலாம்னு நாலு நாள் கழிச்சுப் போன் பண்ணினா, ஒண்ணு கூட இல்லைங்கிறாங்க. என்ன பண்ணினாங்கங்கிறீங்க? சீர்ப் பலகாரம் வந்தா அக்கம்பக்கம் குடுப்போமில்ல, அந்த மாதிரி தெருத் தெருவா வீட்டுக்கு ஒரு பாட்டில் குடுத்துட்டாங்க. “என் தம்பி கொண்டாந்த சீர்”னு சொல்லிச் சொல்லிக் குடுத்திருக்காங்க. தொண்ணூத்தாறு பாட்டில்! சாம்பிள் குடுக்கிறதுக்கு ஒரு முறையிருக்கு அக்கா. சின்ன பாட்டில்ல கொஞ்சமா குடுக்கணும், போன் நம்பர் வாங்கிக்கணும், சார் எழுதிப் போட்டாரு. இவங்க படிக்காதவங்க, அள்ளிக் குடுத்துட்டாங்க. எல்லாம் வீணாப் போச்சு.

ஆனா ஒண்ணு, விளம்பரம் நம்மளைக் கைவிடாது. நான் போன மாசம் பஸ்ஸுல ஒரு இருபது பேருக்கு இந்த விசிறியைக் குடுத்தேன். கொஞ்ச நாள்ல தங்கையா அண்ணாச்சியே போன் பண்ணிட்டாரு. “என்னம்மா, தினமும் ஆள் வந்து கேக்குறாங்க. அந்தத் தெருக்காரங்க எல்லாம் பாட்டில் தீந்து போச்சுன்னு வந்து நிக்கிறாங்க. பத்துப் பெட்டி கொண்டா”ன்னாரு. பாத்தீங்களா, விசிறியோட மகிமை! சந்தோசத்துல குதிச்சிட்டேன். “மகிழினின்னு பேர் சொல்லிக் கேக்குறாங்களா அண்ணாச்சி?”ன்னேன். “மகிழினியா? அப்படி யாரும் கேக்கல. சீர் பினாயில் இருக்கான்னு கேக்குறாங்க. நீ லேபிளை மாத்திச் சீர் பினாயில்னு போட்டுக் கொண்டா”ங்கிறாரு.

எனக்கு எப்படி எரியும்? எம்பிள்ளை பேரை ஊர் பூரா சொல்லணும்னு நான் நாயா அலைஞ்சா, நாத்தனா வச்ச பேரு நிக்குது. மாத்த மாட்டேன்னுட்டேன். ரெண்டு வாரமா எனக்கும் அண்ணாச்சிக்கும் அதான் சண்டை. பெட்டி கட்டி வீட்டுல கெடக்கு, லேபிள் ஒட்டல.

இந்தப் பக்கம் தட்டு. மதினிகிட்டப் போன்ல கேட்டேன், தட்டைக் குடுத்துவிடுங்கன்னு. “சீர் வந்த தட்டை வெறுந்தட்டா அனுப்ப எனக்கு மனசு வரல பாண்டீஸ்வரி. பிள்ளைக்கு விசேஷம் வைக்கணும். நீயே நேர்ல வந்து ஒரு தேதி சொல்லு. அன்னைக்கு ஐம்பத்தொண்ணையும் நெறைச்சுத் தர்றேன்”னாங்க. போன்ல பேசிட்டு, கடைசியில, “அப்ப உன்னை நேர்ல வந்து கூப்பிட்டிருக்கணும். தப்புதான்”னு ஒரு வார்த்தை சொன்னாங்க. அதை மொதல்லயே சொல்லியிருந்தா இந்தத் தட்டுப் பிரச்சினையே வந்திருக்காதில்ல?

அதான் போறேன். போய், தேதியைச் சொல்லிட்டு, தட்டை வாங்கிட்டு, அடுத்த பஸ்ஸுல திரும்பிருவேன். உக்காந்து பேசுறதுக்கெல்லாம் எனக்கு நேரமில்ல.

பாலம் தாண்டிருச்சா? அடுத்து நம்ம ஸ்டாப்தான். அக்கா, கொஞ்சம் இவளைப் பிடிங்க, மேல இருந்து பையை எடுத்துக்கிறேன். தூக்கத்துல உதைப்பா, பயப்படாதீங்க. ஐயோ, சரிஞ்சிருச்சு. அதை எடுங்க, கீழ தூசி.

ஆமா, பட்டுப் பாவாடைதான். புதுசுதான். ஊதாவுல அரக்கு பார்டர். இது எதுக்குன்னா, ஐம்பத்தொரு தட்டை ஒண்ணு மேல ஒண்ணு அடுக்கினா பஸ்ஸுல உரசிக் கீறல் விழும். அப்புறம் ஊர்ப் பொம்பளைங்களுக்கு யாரு பதில் சொல்றது? தட்டுக்கு இடையில வைக்க மெத்துன்னு ஒரு துணி வேணுமில்ல. அதுக்குத்தான். அடியில நாலு விரக்கடைக்கு உள்ள மடிச்சுத் தச்சிருக்கேன். அவுத்துவிட்டா இன்னும் ரெண்டு வருசம் வரும். வளையலா? அதுவும் சும்மா கெடந்துச்சு, போட்டுக் கொண்டாந்தேன்.

விசிறியை நீங்களே வச்சுக்கோங்க. வீட்டுல பினாயில் தீந்துச்சுன்னா தங்கையா ஸ்டோர்ல கேளுங்க. மகிழினின்னு கேக்காதீங்க, அந்த ஆளு முழிப்பாரு. சீர் பினாயில்னு கேளுங்க. வர்ற வாரம் வந்துரும்.

அந்தா பாருங்க, பஸ் ஸ்டாண்டுல வேப்பமரத்துக்குக் கீழ, பச்சைச் சேலை அம்மாவுக்குப் பக்கத்துல நிக்குதே, அதுதான் சஞ்சனா. நான் வர்றேன்னு யாரு சொன்னா இதுகிட்ட? எங்க வீட்டுக்காரர் வேலைதான். ஒவ்வொரு பஸ்ஸா எட்டி எட்டிப் பாக்குது. எத்தனை பஸ் பாத்துச்சோ.

இவளை என்கிட்டக் குடுங்க. எறங்குறதுக்குள்ள ஒண்ணே ஒண்ணு சொல்லுங்க அக்கா, நீங்க மூணாவது மனுசி, உள்ளதைச் சொல்லுவீங்க. அந்தப் பிள்ளை உயரத்தைப் பாத்துட்டு இதைப் பாருங்க.

நீளம் பத்துமா?